லெட் தேர் பி லைட்

ஜான் ஹூஸ்டன் அமெரிக்க ராணுவத்துக்காக எடுத்து 1946-இல் முடித்த ஆவணப்படம். வர்ணனை, அவருடைய தந்தை வால்ட்டர் ஹூஸ்டன். இரண்டாம் உலகப்போரில் மனம் நொறுங்கித் திரும்பிய வீரர்கள் லாங் ஐலண்டிலுள்ள மேசன் பொது மருத்துவமனையில் பெற்ற சிகிச்சையை இது காட்டுகிறது. இத்தகையோர் வேலைக்குத் தகுதியானவர்களே என்று முதலாளிகளை நம்பவைப்பதுதான் ராணுவத்தின் நோக்கம். ஆனால் நடுங்கும் கைகளும் அடக்கமுடியாத அழுகையும் எந்தப் பிரசாரத்துக்கும் அடங்கவில்லை. நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் திரையிடவிருந்த பிரதியை ராணுவக் காவலர்கள் பறிமுதல் செய்தனர். வீரர்களின் அந்தரங்கம் காக்கவே தடை என்றது அரசு. வெல்ல முடியாத வீரன் என்ற பிம்பம் உடையுமே என்ற அச்சமே உண்மைக் காரணம் என்றார் ஹூஸ்டன். அவர் கூற்றே பொருந்துகிறது. தடை 1980 டிசம்பரில் நீங்கியது. 2010-இல் அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் படம் சேர்க்கப்பட்டது.