எண்பது என்ற எண்

இரவு இரண்டரை மணிக்கு போன் அலறும். ஏதோ ஒரு சர்வரின் மெமரி 85 சதவீதத்தைத் தாண்டியிருக்கும். தூக்கக் கலக்கத்தில் லேப்டாப்பைத் திறந்து பார்ப்போம், மறுபடி படுப்போம். மூன்றாவது வாரம் அணியில் யாரோ ஒருவர் அந்த 85-ஐ 95 ஆக்கிவிட்டார். அதற்கப்புறம் எல்லோரும் நன்றாகத் தூங்கினோம். சர்வர் அப்படியேதான் இருந்தது. அந்த யாரோ ஒருவர் நான்தான்.

இந்தச் சில்லறைக் குற்றவுணர்வோடுதான் காரீயத்தின் வரலாற்றைப் படிக்க ஆரம்பித்தேன். (தமிழில் சும்மா ஈயம் என்றால் குழப்பம். ரசம் வைக்கிற ஈயச்சொம்பு வெள்ளீயம். இது பேட்டரியிலும் பெயிண்டிலும் இருக்கிற காரீயம். இரண்டையும் ஒரே பெயரில் கூப்பிடுகிற வழக்கம் நமக்கு.)

1910-ல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலம் தொழில்சார் நோய்களைப் பற்றி ஓர் ஆய்வு நடத்தியது. பொறுப்பேற்றவர் ஆலிஸ் ஹாமில்டன் என்ற மருத்துவர். ரத்தத்தில் காரீயத்தை அளப்பதெல்லாம் அப்போது நடைமுறையில் இல்லை. ஈறில் தெரியும் நீலக்கோடு, தூக்க முடியாமல் தொங்கிப்போகும் மணிக்கட்டு, வயிற்றைப் பிசையும் வலி. இவ்வளவுதான் அடையாளங்கள். முதலாளிகளிடம் கேட்டால் "இங்கே அப்படி யாரும் இல்லை" என்பார்கள். ஹாமில்டன் மருத்துவமனைப் பதிவேடுகளைப் புரட்டினார், மருந்துக் கடைக்காரர்களையும் பாதிரியார்களையும் விசாரித்தார், தொழிலாளர்களின் வீடுகளுக்கே போனார். குளியல் தொட்டிக்கு எனாமல் பூசும் ஒரு போலந்துக்காரருக்குக் கை விழுந்திருந்தது. தொழிற்சாலையைச் சுற்றிப் பார்த்தால் ஆபத்தான எதுவும் கண்ணில் படவில்லை. அவர் வீட்டுக்குப் போன பிறகுதான் விஷயம் தெரிந்தது. ஹாமில்டனுக்குக் காட்டப்பட்டது கடைசியில் லேசாக மெருகேற்றும் இடம், நிஜமான எனாமல் வேலை நடந்த இடம் வேறு. எனக்குத் தெரிந்து மானிட்டரிங் பற்றிய மிகச் சிறந்த பாடம் இதுதான்: டாஷ்போர்டைக் காட்டுகிறவரே அதைக் கட்டினவராகவும் இருந்தால், நோயாளியின் வீட்டுக்குப் போய்விடுவது நல்லது.

1924 அக்டோபரில் நியூ ஜெர்சியில் ஸ்டாண்டர்ட் ஆயில் நிறுவனத்தின் பேவே ஆலையில், பெட்ரோலில் கலக்கும் டெட்ராஎதில் லெட் தயாரித்த தொழிலாளர்கள் சித்தம் கலங்கி விழுந்தார்கள். ஐந்து பேர் இறந்தார்கள். டூபாண்ட் ஆலையில் இதே வேலை நடந்த கட்டடத்தை அங்கிருந்தவர்கள் 'வண்ணத்துப்பூச்சி வீடு' என்று கூப்பிட்டார்கள். இல்லாத பூச்சிகள் பறப்பதாக அங்கே வேலை செய்தவர்களுக்குத் தோன்றியதுதான் காரணம். 1925 மே மாதம் அரசு ஒரு மாநாட்டைக் கூட்டியது. ஹாமில்டன் எதிர்த்துப் பேசினார். அவருக்கு எதிர்ப்பக்கம் இருந்தவர் ராபர்ட் கீஹோ, எதில் நிறுவனத்தின் மருத்துவ ஆலோசகர்.

கீஹோவை வில்லனாக்கிவிட்டு நகர்ந்துவிடலாம், அது சுலபம். ஆனால் அவர் சோம்பேறி இல்லை. சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில், இந்தத் தொழில் நிறுவனங்களின் பணத்தில், கெட்டரிங் ஆய்வகத்தை நடத்தினார். வாழ்நாள் முழுக்க அளந்துகொண்டே இருந்தார். அவர் சொன்னது மூன்று விஷயங்கள்: காரீயம் எல்லா மனிதர்களிடமும் இயல்பாகவே இருக்கிறது; உடம்பு அதை வெளியேற்றிவிடுகிறது; 100 மில்லி ரத்தத்தில் 80 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் பயமில்லை. பல பத்தாண்டுகளுக்கு அந்த 80 ஒரு வேதவாக்கு.

முதல் விஷயத்தை நிரூபிக்க மெக்சிகோ நகரத்துக்கு வெளியே, மோட்டார் புகையே எட்டாத ஒரு கிராமத்துக்குப் போனார். விவசாயிகளின் சிறுநீரிலும் காரீயம் இருந்தது. பார்த்தீர்களா, இயற்கை! ஆனால் அந்த மக்கள் சாப்பிட்டது காரீய மெருகு பூசிய மண்பாத்திரங்களில். ஒப்பீட்டுக்கு எடுத்த குழுவே கறைபட்டது. எங்கள் தொழிலில் இதற்கு பேஸ்லைன் கெட்டுப்போச்சு என்று சொல்வோம். பேஸ்லைன் கெட்டால் அதற்கு மேலே கட்டுகிற கிராஃப் எல்லாமே அழகாக, துல்லியமாக, தப்பாக இருக்கும்.

அதை உடைத்தவர் மருத்துவரே இல்லை. பூமியின் வயதைக் கணக்கிட்ட கிளேர் பேட்டர்சன். பாறையில் இருக்கிற துளியூண்டு காரீயத்தை அளக்கப் போனவருக்கு, காற்று, தூசி, கண்ணாடிக் குடுவை, தன் தலைமுடி என்று எல்லாமே மாதிரியைக் கெடுப்பது புரிந்தது. 1965-ல் எழுதினார்: கீஹோ 'இயல்பு' என்றது வெறும் 'வழக்கம்'தான். இயற்கையான அளவைப் போல சுமார் 100 மடங்கு காரீயத்தை அமெரிக்கர்கள் சுமக்கிறார்கள்.

தொழிலாளிக்கு இது சட்டமாக வந்து சேர 1978 ஆகிவிட்டது. அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு அமைப்பான ஓஷாவுக்கு அப்போது தலைவராக இருந்தவர் யூலா பிங்கம். அவரும் அதே சின்சினாட்டி பல்கலைக்கழகத்திலிருந்து வந்தவர்! ஒரு கன மீட்டர் காற்றில் 50 மைக்ரோகிராம்தான் உச்சவரம்பு. ரத்தத்தில் 60 வந்தால் ஆளை அந்த வேலையிலிருந்து விலக்க வேண்டும். என்னைப் பிடித்து நிறுத்தியது எண்கள் இல்லை, இரண்டு ஷரத்துகள். ஒன்று, விலக்கப்பட்டவருக்கு 18 மாதம் வரை சம்பளமும் சீனியாரிட்டியும் குறையக்கூடாது. யோசித்துப் பாருங்க, சோதனை முடிவு வேலையைப் பறிக்கும் என்றால் எவன் கையை நீட்டுவான்? இன்னொன்று, தடுப்பு மருந்து என்ற பேரில் கீலேஷன் கொடுப்பதற்குத் தடை. அதுவரை காரீயத்தை உடம்பிலிருந்து இழுக்கும் மருந்தை ஆலையிலேயே கொடுத்து, ரத்தத்தின் எண்ணை இறக்கி, ஆளை அதே தூசிக்குள் திருப்பி அனுப்பினார்கள். அந்த வரியைப் படித்ததும் என் 95 ஞாபகம் வந்தது. நான் மாற்றியது ஒரு கான்ஃபிக் ஃபைலை. அவர்கள் மாற்றியது ஒருவனின் ரத்தத்தை.

எண்ணைச் சரிசெய்ய இன்னொரு வழியும் இருந்தது: ஆளையே மாற்றுவது. 1978-ல் மேற்கு வர்ஜீனியாவின் வில்லோ ஐலண்டில், அமெரிக்கன் சயனமிட் ஆலையில், கருவைக் காப்பதாகச் சொல்லிப் பிள்ளை பெறக்கூடிய பெண்களைக் காரீயம் புழங்கும் பிரிவிலிருந்து விலக்கினார்கள். வேலையை விடக்கூடாது என்று ஐந்து பெண்கள் கருத்தடை அறுவை செய்துகொண்டார்கள். 1982-ல் பேட்டரி நிறுவனமான ஜான்சன் கண்ட்ரோல்ஸும் இப்படி ஒரு விதி போட்டது. அதை 1991-ல்தான் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது.

கலிஃபோர்னியா 2025 ஜனவரியில் காற்றுக்கான வரம்பை 10 ஆகவும், வேலையிலிருந்து விலக்கும் அளவை 30 ஆகவும் இறக்கியது. அந்த 30-ஐப் போல இரண்டரை மடங்குக்கும் மேல் இருந்தவர்களை கீஹோவின் கணக்கு ஆரோக்கியமானவர்கள் என்று வீட்டுக்கு அனுப்பியது.

காரீயம் ரத்தத்தில் பாதியாகக் குறைய ஒரு மாதம் போல ஆகும். எலும்புக்குள் போய்விட்டால் பல பத்தாண்டுகள் உட்கார்ந்திருக்கும், வயதாகி எலும்பு தேயும்போது மறுபடி ரத்தத்துக்கு வரும். 1978 சட்டத்தில் அதற்கும் ஒரு வரி இருக்கிறது. தொழிலாளியின் பரிசோதனைப் பதிவுகளைக் குறைந்தது 40 வருஷம் வைத்திருக்க வேண்டும். எங்கள் சர்வர் லாக்குகள் 30 நாளில் தானாக அழிந்துவிடும். அந்த எண்ணைப் போட்டதும் நான்தான்.