சிலமலையிலிருந்து ஜித்தா: தூரமும் நேரமும்

உம்ரா செல்லும் சிலமலை, போடி குடும்பங்களுக்கு மதுரை விமான நிலையம் பக்கம்தான். ஆனால் ஜித்தாவுக்கு நேரடி விமானம் ஏற, கொச்சி அல்லது சென்னைக்குச் செல்பவர்களே அதிகம்.

கொச்சி–ஜித்தா வான்வழித் தூரம் சுமார் 4,170 கி.மீ.; சென்னையிலிருந்து சுமார் 4,440 கி.மீ. பறக்கும் நேரம் ஏறத்தாழ 6 மணி. போடிமெட்டு, மூணாறு வழியாகக் கொச்சி செல்வோர், மழைக்கால மூடுபனியையும் கணக்கில் கொண்டு முன்கூட்டியே கிளம்புங்கள்.

பயணச்சீட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். சவூதி நேரம் நம்மைவிட இரண்டரை மணி பின்தங்கியது. காலை 10 மணிக்குப் புறப்பட்டு 6 மணி நேரம் பறந்தால் அங்கே பகல் 1.30, வீட்டில் மாலை 4.

ஜித்தாவில் இறங்கும் முன்பே விமானம் மீகாத் எல்லையைக் கடந்துவிடும். எனவே இஹ்ராம் துணியைக் கைப்பையிலேயே வையுங்கள். பெட்டியில் போட்டு அனுப்பிவிட்டால் நடுவானில் எடுக்க முடியாது.