பட்டம் பெறாத பாரடே

பட்டம் பெற்றவரே படித்தவர் என்றோர் எண்ணம் நாட்டிலே வேரூன்றிக் கிடக்கிறது. பள்ளியைப் பாதியில் விட்டுப் பகலெல்லாம் பட்டறையில் உழைத்து, இரவில் படிப்பகத்து விளக்கடியில் ஏடு புரட்டும் இளைஞன், 'நான் படிக்காதவன்' என்று தலை குனியும்போது நமக்கு வேதனை பிறக்கிறது. பட்டம் வாங்கிப் பதவியில் அமர்ந்த நாள் முதல் ஒரு நூலையும் தொட்டறியாதவர், 'நான் படித்தவன்' என்று தலை நிமிரும்போதோ நகைப்புப் பிறக்கிறது. இரண்டையும் சற்றே ஒதுக்கி வைத்துவிட்டு வரலாற்றைப் புரட்டுவோம். இலண்டன் மாநகரில் பிறர் படிக்கும் நூல்களுக்கு அட்டை கட்டிப் பிழைத்த ஒரு சிறுவனின் வரலாறு அது.

மைக்கேல் பாரடே 1791-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் நாள் பிறந்தான். தந்தை கொல்லர், அடிக்கடி நோயில் விழுந்தவர். 1801-இல் தானிய விலை ஏறி ஏழைகள் வாடிய காலத்தில், அச்சிறுவனுக்கு வாரத்திற்கு ஒரு ரொட்டி என்று அளந்து தந்தது அந்த வீடு. எழுத்து, வாசிப்பு, சிறிது கணக்கு. பள்ளிக்கூடம் அவ்வளவோடு முடிந்தது. 1804-இல் பிளாண்ட்ஃபோர்டு தெருவில் ரீபோ என்பவரது புத்தகக் கடையில் எடுபிடிச் சிறுவனானான். வாடகைக்குச் செய்தித்தாள் படிப்போர் வீடுகளுக்கு அவற்றைக் கொண்டுபோய்க் கொடுப்பதும், படித்து முடித்தபின் திரும்ப வாங்கி வருவதும் வேலை. மறு ஆண்டு அதே கடையில் நூல் கட்டும் தொழிலில் ஏழாண்டுப் பயிற்சி. பையன் உண்மையாக உழைத்ததால் பயிற்சிக் கட்டணம் வேண்டாமென்றார் ரீபோ. நல்ல மனிதர்! கட்டணம் கேட்டிருந்தால் கொல்லர் எங்கே போவார்?

கட்டுவதற்கு வந்த நூல்களைப் பையன் படிக்கத் தொடங்கினான். பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தின் ஒரு தொகுதி கைக்கு வந்தது. அதில் மின்சாரம் பற்றிய கட்டுரை அவனைப் பிடித்துக்கொண்டது. ஜேன் மார்செட் எழுதிய வேதியியல் உரையாடல் நூல் வந்தது. அது வேதியியலுக்குக் கதவு திறந்தது. படித்ததை நம்பி அவன் அமைதியடையவில்லை. கையிலிருந்த சில்லறைக் காசில் பொருள் வாங்கி, நூல் கூறுவது மெய்தானா என்று சிறு சிறு சோதனைகள் செய்து பார்த்தான். மெய்யென்று கண்டபின்னரே ஏற்றான்.

அந்த நூலாசிரியையைப் பற்றி இங்கே ஒரு சொல். மார்செட் அம்மையாரின் நூல் 1805-இல் ஆசிரியர் பெயரின்றியே வெளிவந்தது. அவர் பெண், அந்நாளில் எந்த ஆங்கிலப் பல்கலைக்கழகமும் அவருக்குப் பட்டம் தந்திராது. ஆக்ஸ்ஃபோர்டு பெண்களுக்குப் பட்டம் வழங்க 1920 ஆயிற்று. கேம்பிரிட்ஜ் 1948 வரை காத்திருந்தது! கல்லூரி ஏற்க மறுத்த ஒரு பெண், கல்லூரி ஏற்க வழியில்லாத ஒரு கூலிச் சிறுவனுக்கு ஆசிரியையானார். பின்னாளில் புகழின் உச்சியில் நின்றபோதும், தம் ஆராய்ச்சிக் கட்டுரைகளை அவருக்கு நன்றியோடு அனுப்பிவந்தார் பாரடே.

வழியில்லாத சிறுவன் என்றோம். பணமின்மை மட்டும் அன்று காரணம். கொல்லர் வீட்டில் பொற்குவியலே இருந்தாலும் ஆக்ஸ்ஃபோர்டின் வாயில் திறந்திராது. அங்கே சேர்வதற்கு இங்கிலாந்துத் திருச்சபையின் 39 கோட்பாடுகளை ஏற்றுக் கையொப்பமிடவேண்டும். கேம்பிரிட்ஜ் படிக்க விடும். பட்டம் வாங்கும்போது அதே தடையை நீட்டும். பாரடேயின் குடும்பமோ சாண்டிமேனியர் என்னும் சிறு பிரிவைச் சார்ந்தது. அரசுச் சபையை ஏற்காதது. அறிவுக்கூடத்தின் வாயிலில் மதம் காவல் நின்றது! 1871-இல் சட்டம் வந்த பின்னரே அந்தக் காவல் பெரும்பாலும் விலகியது. பாரடே அதற்கு நான்காண்டுகள் முன்னரே மறைந்துவிட்டார். அவர் நாத்திகரல்லர், இறுதிவரை தம் சமயத்தில் ஊன்றி நின்றவர் என்பதையும் சொல்லிவிடுவதே நேர்மை.

நூல் மட்டும் போதவில்லை அவனுக்கு. 1810-இல் டேட்டம் என்பவர் தம் இல்லத்தில் நடத்திய அறிவியல் சொற்பொழிவுகளுக்குச் சென்றான். நுழைவுக் கட்டணம் ஒரு ஷில்லிங். கொல்லுப்பட்டறையில் உழைத்த அண்ணன் ராபர்ட் கொடுத்தான். அங்கே கூடிய இளைஞர்கள் தங்களுக்குள் கழகம் அமைத்துக்கொண்டு, மாறி மாறிப் பேசி, ஒருவர் பிழையை ஒருவர் திருத்தினர். அவர்களுள் மக்ராத் என்னும் நண்பர் வாரம் இரண்டு மணி நேரம் பாரடேயின் பேச்சையும் எழுத்தையும் செப்பனிட்டார், ஏழு ஆண்டுகள்! தானே கற்றவன் என்றால் தனியே கற்றவன் என்று பொருளில்லை. அண்ணன் தந்த ஷில்லிங்கும் நண்பன் தந்த மாலைப்பொழுதும் அந்தக் கல்வியில் கலந்திருந்தன.

1812-இல் கடைக்கு வரும் வாடிக்கையாளர் டான்ஸ் என்பவர், ராயல் இன்ஸ்டிட்யூஷனில் ஹம்ப்ரி டேவி நிகழ்த்திய நான்கு சொற்பொழிவுகளுக்குச் சீட்டு வாங்கித் தந்தார். கேட்டதையெல்லாம் எழுதி, படங்கள் வரைந்து, தன் கையாலேயே நூலாகக் கட்டினான் இளைஞன். ராயல் சொசைட்டியின் தலைவர் ஜோசப் பேங்க்ஸுக்கு வேலை வேண்டி ஏற்கெனவே மடல் எழுதியிருந்தான், மறுமொழியே இல்லை. இப்போது தான் கட்டிய ஏட்டை டேவிக்கே அனுப்பினான். டேவி அழைத்துப் பேசினார். நூல் கட்டும் தொழிலைக் கைவிடாதே என்றுதான் முதலில் அறிவுரை! சில வாரங்களில் ஆய்வுக்கூட உதவியாளன் ஒருவன் கைகலப்பில் இறங்கி வேலையிழந்தான். 1813 மார்ச் முதல் நாள் அந்த இடம் பாரடேக்குக் கிடைத்தது. வாரம் 25 ஷில்லிங், தங்க அறை, எரிக்க நிலக்கரி, மெழுகுவத்தி.

டேவியும் பல்கலைக்கழகம் காணாதவரே. பென்ஸான்ஸ் ஊரில் மருந்து மருத்துவரிடம் பயிற்சிக்கு இருந்த ஏழை இளைஞர் அவர். அவருக்குத் தம் நூலகத்தைத் திறந்துவிட்டு ஊக்கியவர் டேவிஸ் கிட்டி என்னும் செல்வர். இந்தச் செல்வரை நம் தோழர்கள் மறவாமல் நினைவில் வைக்கவேண்டும். 1807-இல் ஏழைப் பிள்ளைகளுக்கு ஊர்தோறும் பள்ளி அமைக்கும் சட்டமுன்வடிவு பாராளுமன்றத்தில் வந்தபோது அதை எதிர்த்துப் பேசியவர் இவர்! ஏழைக்குக் கல்வி தந்தால் தன் நிலையை வெறுப்பான். அரசை எதிர்க்கும் துண்டறிக்கை படிப்பான். மேலோரிடம் பணிவு குன்றும் என்பது அவர் வாதம். மக்களவையைக் கடந்த அந்த முன்வடிவைப் பிரபுக்கள் அவை கொன்றது. கிட்டியோ பின்னாளில் ராயல் சொசைட்டிக்கே தலைவரானார்.

ஒரு டேவிக்குப் புத்தகம் கொடுத்த கை, ஓராயிரம் டேவிகளுக்குப் பள்ளியை மறுத்தது! 'அறிவிருந்தால் முன்னேறுவான், கல்லூரி எதற்கு? பாரடே படித்தானா?' என்று வசதி படைத்தோர் ஏழை வீட்டுப் பிள்ளையிடம் இனிக்க இனிக்கப் பேசும்போது, அவர்கள் தம் பிள்ளைகளை எங்கே அனுப்புகிறார்கள் என்று கேளுங்கள். ஒரு பாரடே தப்பி வந்தான் என்பதைக் காட்டி, தப்பாமல் புதைந்தவர்களை மறைக்கப் பார்ப்பது சூழ்ச்சி.

தப்பி வந்தவர் என்ன செய்தார்? 1813 இலையுதிர் காலத்தில் டேவியுடன் ஐரோப்பியப் பயணம். அங்கே டேவியின் மனைவி அவரை வேலைக்காரனாகவே நடத்தினார். 1821-இல் மின்னோட்டத்தால் கம்பியைக் காந்தத்தைச் சுற்றச் செய்தார். 1824-இல் அவர் ராயல் சொசைட்டி உறுப்பினராவதை டேவியே எதிர்த்தார் என்பது கசப்பான செய்தி. ஆயினும் தேர்வு பெற்றார். 1831 ஆகஸ்ட் 29-இல், ஓர் இரும்பு வளையத்தில் இரு சுருள்கள் சுற்றி, ஒன்றில் மின்னோட்டத்தை விடும்போதும் நிறுத்தும்போதும் மற்றொன்றில் மின்சாரம் துடிப்பதைக் கண்டார். இன்று மின் நிலையத்தில் சுழலும் ஒவ்வொரு பொறியும் அந்தக் கண்டுபிடிப்பின் வழித்தோன்றல். மறு ஆண்டே ஆக்ஸ்ஃபோர்டு அவருக்கு மதிப்பியல் டாக்டர் பட்டம் சூட்டியது. மாணவனாக உள்ளே விட மறுக்கும் பல்கலைக்கழகம், மாமேதையானபின் மாலையிட்டது!

ஆனால் பெருமைப் பூச்சில் உண்மையை மறைக்கமாட்டோம். பாரடேக்கு உயர்கணிதம் தெரியாது. காந்தத்தைச் சுற்றி விசைக்கோடுகள் பரவிக் கிடப்பதாக அவர் மனக்கண்ணால் கண்டார். சமன்பாட்டில் எழுத இயலவில்லை. அதனாலேயே பலர் அக்கருத்தைப் பொருட்படுத்தவில்லை. எழுதிக் காட்டியவர் கேம்பிரிட்ஜ் பட்டதாரி மாக்ஸ்வெல். 1857-இல் மாக்ஸ்வெல்லுக்கு முதியவர் பாரடே ஒரு மடல் எழுதினார்: கணித அறிஞர் தாம் கண்ட முடிவுகளை, எம்போன்றோரும் சோதித்துப் பார்க்கும்படி எளிய மொழியிலும் சொல்லலாகாதா என்று கேட்டார். அந்தக் கேள்வியிலே ஏக்கம் உண்டு. கல்லூரி வாயில் மூடியிருந்ததன் வலியும் உண்டு என்றே நாம் கருதுகிறோம். மாக்ஸ்வெல்லின் பெருந்தன்மையும் இங்கே குறிக்கத்தக்கது. பாரடேயின் ஆராய்ச்சிகளை முழுதும் படித்து முடிக்கும்வரை மின்சாரம் பற்றிய கணித நூல்களைத் தொடுவதில்லை என்று உறுதி பூண்டதாக அந்தப் பட்டதாரி எழுதி வைத்தார்.

1853-இல் இங்கிலாந்தில் ஒரு பித்து பரவியது. மேசையைச் சுற்றி அமர்ந்து கைகளை மேலே வைத்தால் ஆவி வந்து மேசையைச் சுழற்றுமாம்! நம்பியவர் கல்லா மாந்தர் அல்லர். செல்வச் சீமான்கள், சமயத் தலைவர்கள், கற்றறிந்தோர். பாரடே சோதனை செய்தார். மேசைக்கும் கைகளுக்கும் இடையே, நழுவக்கூடிய மென்பசையால் ஒட்டிய அட்டைகளை அடுக்கினார். ஆவி மேசையை இழுத்தால் மேசை முந்தும். கை தள்ளினால் மேலட்டை முந்தும். மேலட்டையே முந்தியது! பின்னர், கை தள்ளுவதை உடனுக்குடன் காட்டும் முள் ஒன்றை அமைத்து அவர்கள் கண்முன் வைத்தார். முள்ளைப் பார்த்துக்கொண்டு அமர்ந்ததும் மேசை அசையவே இல்லை. அவர்கள் பொய்யரல்லர், தம் கை தள்ளுவதைத் தாமே அறியாதவர்கள். முடிவை 'டைம்ஸ்' நாளேட்டில் வெளியிட்டவர், இத்தகைய மூடத்தனத்துக்கு இடந்தரும் கல்விமுறையில் ஏதோ பெருங்குறை இருக்கவேண்டும் என்று எழுதினார்.

ஒன்பதாண்டுகள் கழித்து, 1862-இல், இங்கிலாந்தின் பெரும் பள்ளிகளை ஆராய அமைந்த அரசுக் குழு அவரைச் சான்று கூற அழைத்தது. இலத்தீனும் கிரேக்கமும் கற்றுத் தேர்ந்த பெருமக்கள் தம்மிடம் வந்து, சுழலும் மேசை பற்றிக் கேட்பதையும், இயற்கையின் விதிகளைச் சிறிது அறிந்த தம்மையே தவறென்று சாதிப்பதையும் அங்கே எடுத்துரைத்தார். அத்தகைய உள்ளங்களுக்கு வழக்கமான கல்வி எவ்வளவு குறைவாகக் கற்பித்திருக்கிறது என்றார், ஏழாண்டுகள் பசைக் கிண்ணத்தருகே அமர்ந்து படித்தவர்.