மலைச்சரிவில் பூசணக்கொல்லி ஆய்வு: கல்வராயன் மரவள்ளியில் எதை அளப்பது?

காஷ்மீரில் 1973-இலும் இமாச்சலப் பிரதேசத்தில் 1983-இலும் ஆப்பிள் சொறி நோய் கொள்ளையாகப் பரவியது. அதன்பின், மொட்டு விரியும்போது எந்த மருந்து, இதழ் உதிர்ந்தபின் எந்த மருந்து என்று தெளிப்பு அட்டவணைகள் வகுக்கப்பட்டன. அந்த அட்டவணைகளுக்கான ஆய்வுகளின் அளவுகோல் இலையிலும் பழத்திலும் விழும் புள்ளி. ஆப்பிளுக்கு அது முற்றிலும் பொருந்தும். தோலில் புள்ளி விழுந்த பழத்துக்குச் சந்தையில் நல்ல விலை இல்லை. அதே அளவுகோலைக் கல்வராயன் மலை மரவள்ளிக்கும் வைப்பது தவறு என்பதே இக்கட்டுரையின் வாதம்.

2019-இல் உருவான கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், கல்வராயன் மலையின் வெள்ளிமலையைச் சுற்றியுள்ள மலையாளிப் பழங்குடி மக்களுக்கு மரவள்ளி முக்கியமான பணப்பயிர். சேகோ (ஜவ்வரிசி) ஆலைக்குப் போகும் கிழங்குக்கு மாவுச்சத்தின் ‘பாயிண்ட்’ கணக்கில் விலை. இலையின் அழகுக்கு அங்கே மதிப்பில்லை. செர்கோஸ்போரா இலைப்புள்ளி பெரும்பாலும் முதிர்ந்த அடியிலைகளைத்தான் பிடிக்கிறது. அவை எப்படியும் உதிரப்போகிறவை. புள்ளியைப் பாதியாகக் குறைத்த மருந்து, கிழங்கின் எடையையும் பாயிண்டையும் கூட்டாவிட்டால் தெளித்த கூலிகூடத் தேறாது. எனவே அறுவடைக் கிழங்கின் எடையும் மாவுச்சத்துமே ஆய்வின் முதல் அளவாக இருக்க வேண்டும். இலை நோய்க்குறியீடு அதற்குத் துணைத்தரவு மட்டுமே.

அதற்கும் முன்னதாக, நோய் எதுவென்று தெளிய வேண்டும். மரவள்ளியின் தேமல் நோய் வைரஸால் வருவது. நோயுற்ற கரணை வழியாகவும் வெள்ளை ஈ வழியாகவும் பரவுகிறது. எந்தப் பூசணக்கொல்லியும் அதைத் தொடாது. கிழங்கு அழுகலில் குழப்பம் இன்னும் ஆழமானது. அதை உண்டாக்கும் பைட்டோப்தோரா பால்மிவோரா பார்வைக்குப் பூசணம் போலிருந்தாலும் உண்மைப் பூசண இனத்தைச் சேர்ந்ததன்று. கார்பென்டாசிம் பூசணங்களின் செல் பிரிவைத் தடுக்கும் மருந்து. இந்த இனத்திடம் அது பலிப்பதில்லை. மெட்டலாக்சில் வேறு வழியில் வேலை செய்வதால் பலிக்கும். ஆனால் அதையே திரும்பத் திரும்ப ஊற்றினால் எதிர்ப்புத்திறன் கொண்ட வகைகள் தலையெடுக்கும். அழுகிய கிழங்கிலிருந்து நோய்க்கிருமியைப் பிரித்தெடுத்து அடையாளம் காணாமல் வயலில் மருந்துகளை ஒப்பிடுவது வீண் செலவு. ஏத்தாப்பூர் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையம் பக்கத்துச் சேலம் மாவட்டத்திலேயே இருப்பதால் இந்த முதல் படியைத் தாண்டிக் குதிக்கக் காரணமே இல்லை.

பாத்தி அமைப்பிலும் மலைக்குத் தனிக் கவனம் தேவை. 1920-களில் புள்ளியியலாளர் ஃபிஷர் வகுத்த சீரற்ற தொகுதி முறை (தொகுதிக்குள் எந்தப் பாத்திக்கு எந்தச் சிகிச்சை என்பதைக் குலுக்கலில் ஒதுக்குவது) மண்வள வேறுபாட்டைச் சமாளிக்கும். ஓடும் தண்ணீரை அது தானாகச் சமாளிக்காது. பைட்டோப்தோராவின் வித்துகள் நீரில் நீந்தக்கூடியவை. மேட்டில் மருந்திடாத பாத்தியும் அதன் கீழே மருந்திட்ட பாத்தியும் அமைந்தால், ஒரு மழையில் மேலிருக்கும் நோய் கீழே இறங்கிவிடும். நல்ல மருந்தும் அங்கே தோற்றதாகவே கணக்கில் ஏறும். ஒரே தொகுதியின் பாத்திகள் சம உயரக் கோட்டில் அடுத்தடுத்து நிற்க வேண்டும். தொகுதிக்கும் தொகுதிக்கும் இடையே குறுக்கு வாய்க்கால் வெட்டி நீரை வெளியே திருப்ப வேண்டும்.

வடிகால் வாய்க்காலையும் ஒரு சிகிச்சையாகச் சோதிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கிழங்கு அழுகலுக்கு உயிர்நாடியே தேங்கும் நீர். சரிவுகளுக்கு நடுவே தண்ணீர் நிற்கும் பள்ளக்கால் நிலங்களில் நான்கு வகைப் பாத்திகள் போதும்: வடிகாலும் மருந்தும் சேர்ந்தது, வடிகால் மட்டும், மருந்து மட்டும், இரண்டும் இல்லாதது. மருந்துகளை மட்டும் ஒன்றோடொன்று ஒப்பிடும் ஆய்வு எந்தப் புட்டியை வாங்கலாம் என்று சொல்லும். புட்டி வேண்டுமா என்ற கேள்வியை அதனிடம் கேட்கவே முடியாது. நான்கு வகைப் பாத்தியில் ‘வடிகால் மட்டும்’ பெற்ற விளைச்சல் ‘வடிகாலும் மருந்தும்’ பெற்றதற்கு இணையாக வந்தால், மண்வெட்டிக் கூலியே பரிந்துரையாகப் போக வேண்டும். அதைவிடத் தெளிவாகக் குறைந்தால் மட்டுமே மருந்துக்கு இடம்.