செருகியைப் பிடுங்கிச் செருகிய காலம்



தொலைபேசிக் கம்பிவழி அகலக்கற்றை பத்து பாகாட்டுக்கு வந்த காலத்தில் பல வீடுகளில் ஒரு மாலைநேரச் சடங்கு இருந்தது. இணையம் திடீரென நின்றுவிடும். யாராவது எழுந்து சென்று திசைவியின் மின்செருகியைப் பிடுங்கி, பத்து வரை எண்ணி, மீண்டும் செருகுவார். இணையம் திரும்பும். மறுநாள் மாலை மறுபடியும் அதே கதை. பெட்டி மலிவானது, சூடேறிவிட்டது, வெளியே மழை என்று ஆளுக்கொரு காரணம் சொன்னோம். பல வேளைகளில் பெட்டியில் குறையே இல்லை. அதனுள் ஓடிய மென்பொருளில்தான் குறை. அந்த மென்பொருளை மாற்றியமைக்கும் உரிமை வாங்கியவர் கைக்கு வந்து சேர்ந்த வரலாற்றையே இங்குப் பதிவு செய்கிறேன்.

ரௌட்டர் என்று நாம் வழங்கும் திசைவியும் ஒரு சிறு கணினியே. அதற்குத் திரையும் விசைப்பலகையும் இல்லை. ஆனால் செயலி உண்டு, நினைவகம் உண்டு. அதன் நினைவகத்தில் நிலையாகப் பதித்துவைத்த மென்பொருளே நிலைப்பொருள், அதாவது ஃபெர்ம்வேர். 2002 டிசம்பரில் லிங்சிஸ் நிறுவனம் டபிள்யூ.ஆர்.டி.54ஜி என்ற திசைவியை வெளியிட்டது. நீலமும் கறுப்புமான உடல், இரண்டு உணர்கொம்புகள். முதல் பதிப்பில் 125 மெகாஹெர்ட்ஸ் செயலி, 16 மெகாபைட் நினைவகம், நிலைப்பொருளுக்கு 4 மெகாபைட் இடம். அவ்வளவுதான். 2003-இல் சிஸ்கோ நிறுவனம் ஏறத்தாழ 50 கோடி அமெரிக்க டாலர் மதிப்பில் லிங்சிஸை வாங்கிக்கொண்டது.

அதே ஆண்டு ஜூன் மாதத்தில் ஆண்ட்ரூ மிக்லாஸ் என்பவர் லினக்ஸ் கருநிரலாளர்களுக்கு ஒரு செய்தி எழுதினார். அந்தப் பெட்டியின் நிலைப்பொருளைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே இருப்பது லினக்ஸ் என்பதே செய்தி. லினக்ஸைப் பயன்படுத்துவது குற்றமன்று; எவரும் பயன்படுத்தலாம். ஆனால் அது ஜி.பி.எல். எனும் பொது உரிமத்தின்கீழ் வருவது. அதைப் பொருளில் வைத்து விற்பவர், வாங்கியவர் கேட்டால் மூலநிரலையும் தரவேண்டும். லிங்சிஸ் தரவில்லை.

இந்த உரிமத்தின் பிறப்பிலேயே ஒரு பழுதான இயந்திரம் உண்டு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் அடிக்கடி தாள் சிக்கிக்கொண்ட ஓர் அச்சுப்பொறியின் நிரலைத் திருத்த ரிச்சர்ட் ஸ்டால்மன் விரும்பினார். மூலநிரல் அவருக்கு மறுக்கப்பட்டது. அந்தக் கசப்பும் சேர்ந்தே அவரைக் கட்டற்ற மென்பொருளின் பக்கம் செலுத்தியது. அவர் எழுதிய பொது உரிமத்தின் முதல் பதிப்பு 1989-இல் வந்தது. பதினான்கு ஆண்டுகள் கழித்து அதே உரிமம் ஒரு திசைவியின் கதவைத் திறந்தது. நிரலாளர்களின் நெருக்குதலுக்குப் பின் 2003-லேயே அந்நிறுவனம் மூலநிரலை வெளியிட்டது.

பிறகு வேலை மளமளவென்று நடந்தது. 2004 தொடக்கத்தில் ஓப்பன்டபிள்யூஆர்டி திட்டம் தோன்றியது. ஸ்வேசாஃப்ட் என்ற குழு தன் நிலைப்பொருளுக்குச் சந்தா கேட்டது. அது குறித்துப் பெரும் சண்டையே நடந்தது. ஸ்வேசாஃப்டின் நிரலிலிருந்து கிளைத்து, ஜெர்மனியின் செபாஸ்டியன் கோட்ஷால் 2005-இல் டிடி-டபிள்யூஆர்டியை உருவாக்கினார். ஜோனதன் சாரேட் எழுதிய டொமேட்டோ எளிய இடைமுகத்தால் பெயர்பெற்றது. ஒரு வேடிக்கையையும் குறிப்பிட வேண்டும். லிங்சிஸின் பழைய நிலைப்பொருளில் பிங் சோதனைப் பக்கம் ஒன்று இருந்தது. அங்கே தட்டச்சு செய்யும் எழுத்துகளை அது சரிபார்க்கவில்லை. முகவரிக்குப் பதிலாகக் கட்டளையை எழுதினால் அதையும் நிறைவேற்றிவிடும். பாதுகாப்பு நோக்கில் அது பெரிய ஓட்டை. பழுதுபார்க்க வந்தவர்களுக்கோ அதுவே வாசலாயிற்று.

இனி மாலைச் சடங்குக்கு வருவோம். வீட்டில் நான்கு கணினிகள் இருந்தாலும் வெளியுலகுக்குத் தெரியும் இணைய முகவரி ஒன்றுதான். எந்த மடல் யாருக்கு வந்தது என்று திசைவி ஒரு கணக்கேட்டில் எழுதிவைக்கிறது. பிட்டொரென்ட் போன்ற செயலிகள் ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கான தொடர்புகளைத் திறப்பவை. ஏடு நிறைந்தால் புதிய தொடர்புக்கு இடமில்லை. இணையம் செத்ததுபோல் தோன்றும். பழைய வரியை எப்போது அழிப்பது? லினக்ஸின் இயல்பு அளவு 432,000 வினாடி, அதாவது ஐந்து நாள். பெரிய வழங்கிகளுக்கு அது பொருந்தும். 16 மெகாபைட் பெட்டிக்குப் பொருந்தாது. செருகியைப் பிடுங்கியபோது நாம் செய்ததெல்லாம் அந்த ஏட்டைக் கிழித்துப் போட்டதுதான்! மாற்று நிலைப்பொருள்கள் இந்தக் காலக்கெடுவைச் சில நிமிடங்களாகக் குறைக்கவும் ஏட்டின் அளவைக் கூட்டவும் வழிவிட்டன. பலருடைய பெட்டி அதன்பின் வாரக்கணக்கில் நிற்காமல் ஓடியது.

அச்சமும் இருந்தது. நிலைப்பொருளை ஏற்றும்போது நடுவில் மின்சாரம் போனால் பெட்டி வெறும் செங்கல். மின்தகைவி வீங்கிய பெட்டியையோ பழுதான மின்மாற்றியையோ எந்த நிரலும் உயிர்ப்பிக்காது. இதை மறைத்து, எல்லாவற்றுக்கும் இதுவே மருந்து என்றவர்கள் பலருடைய பெட்டிகளை வீணாக்கினார்கள்.

2005 இறுதியில் வந்த ஐந்தாம் பதிப்பில் லிங்சிஸ் லினக்ஸைக் கைவிட்டது. விஎக்ஸ்வொர்க்ஸ் என்ற மூடிய இயங்குதளத்துக்கு மாறி, நினைவகத்தை 8 மெகாபைட்டாகவும் நிலைப்பொருளின் இடத்தை 2 மெகாபைட்டாகவும் பாதியாக்கியது. வாடிக்கையாளர் முணுமுணுக்கவே, பழைய வன்பொருளை லினக்ஸோடு டபிள்யூ.ஆர்.டி.54ஜிஎல் என்ற தனிப்பெயரில் விற்றது. ஒரு நிறுவனம் தன் பொருளில் மிகவும் விரும்பப்பட்ட கூறு எதுவென்று வாடிக்கையாளரிடமிருந்து கற்றுக்கொண்டது என்றே இதைப் பார்க்கிறேன்.

இதே காலத்தில் தமிழ்நாட்டில் இதைவிடக் கடினமான சோதனை நடந்தது. மதுரையில் 1976-இல் மருத்துவர் கோ. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனைக்குத் தேனியில் ஒரு கிளை உண்டு. சுற்றுவட்டார ஊர்களின் கண் பரிசோதனை மையங்களைத் தேனி மருத்துவரோடு காணொளியில் இணைக்க, பெர்க்லி பல்கலைக்கழகத்தின் எரிக் புரூவர் குழு சாதாரண வைஃபை அட்டைகளைப் பயன்படுத்தியது. இணைப்புகளின் நீளம் 1 கிலோமீட்டர் முதல் 15 கிலோமீட்டர் வரை. கோபுரங்களின் உயரம் 24 முதல் 42 மீட்டர்; ஓரிடத்தில் ஆலை ஒன்றின் புகைபோக்கியே கோபுரமானது.

வீட்டுக்குள் பேசப் பிறந்தது வைஃபை. ஒரு பொதியை அனுப்பியதும் 'கிடைத்தது' என்ற பதிலுக்கு மிகச் சிறிது நேரமே காத்திருக்கும். 15 கிலோமீட்டரைக் கடக்க ஒளிக்கே 50 மைக்ரோ வினாடி ஆகும். பதில் திரும்ப இன்னொரு 50. அதற்குள் பொறுமையிழந்து மீண்டும் அனுப்பத் தொடங்கிவிடும். வன்பொருளை அப்படியே வைத்துக்கொண்டு, முறைவைத்துப் பேசும் புதிய நெறியை அக்குழு மென்பொருளில் எழுதியது. 2007-இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வின்படி பயன்வேகம் இரண்டு முதல் ஐந்து மடங்கு உயர்ந்தது. அடுத்த ஆண்டு ஆய்வில் மாதம் 3,000 நோயாளிகள் இவ்வழியே மருத்துவரைக் கண்டதாகக் கூறினர். பேருந்துக் கட்டணத்துக்கும் ஒருநாள் கூலிக்கும் கணக்குப் பார்க்கும் மக்களுக்கு அது என்ன பொருள் என்பதை விளக்க வேண்டியதில்லை.

ஆனால் அங்கும் பெட்டிகள் நின்றன. முதன்மைக் காரணம் மின்சாரம். ஏறியும் இறங்கியும் வந்த மின்னழுத்தம் பலகைகளை எரித்தது. எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனதால் நினைவட்டைகள் கெட்டன. இடி மின்னலுக்கு மோடத்தைப் பறிகொடுத்த ஜொகூர்வாசிகளுக்கு இந்த வேதனை புரியும். அவர்கள் நினைவட்டையின் முதன்மைப் பகுதியைப் படிக்க மட்டும் என்று பூட்டினர். பெட்டி உறைந்தால் தானே அதை மறுதொடக்கம் செய்யும் காவல் சுற்றைச் சேர்த்தனர். உள்ளூர்ப் பணியாளருக்குப் பழுதுபார்க்கப் பயிற்சியளித்தனர். செருகியைப் பிடுங்க 42 மீட்டர் ஏறுவது யார்?

உரிமைப் போராட்டம் ஓயவில்லை. 2008 டிசம்பரில் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை சிஸ்கோமீது வழக்குத் தொடுத்தது. 2009 மே மாதம் அது சமரசத்தில் முடிந்தது. 2015-இல் அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம், அலைவரிசை மீறலைத் தடுக்கும் வழிகாட்டியில் டிடி-டபிள்யூஆர்டியின் பெயரையே சுட்டி, இத்தகைய நிலைப்பொருள் ஏறாமல் எப்படித் தடுக்கிறீர்கள் என்று உற்பத்தியாளர்களைக் கேட்டது. எதிர்ப்புக்குப் பின் ஆணையம் தன் சொற்களைத் திருத்தியது. 2016-இல் அலைவரிசை விதிமீறலுக்காக 200,000 டாலர் தண்டம் செலுத்திய டிபி-லிங்க் நிறுவனம், மாற்று நிலைப்பொருளுக்கு இடமளிக்க ஒத்துழைப்பதாகவும் அதே உடன்பாட்டில் ஏற்றது.

மலேசியாவில் 2010 மார்ச்சில் யுனிஃபை ஒளியிழைச் சேவை வந்தபோது, சொந்தத் திசைவி வைத்துக்கொள்ள விரும்பியவர்கள் ஓர் எண்ணை மனப்பாடம் செய்தார்கள்: 500. இணையப் போக்குவரத்துக்குரிய மெய்நிகர் வலை எண் அது, தொலைக்காட்சிக்கு 600. கடையில் வாங்கிய பல பெட்டிகளில் அந்த எண்ணை இட வழியே இல்லை. மாற்று நிலைப்பொருளில் இருந்தது.

2024 நவம்பரில் ஓப்பன்டபிள்யூஆர்டி திட்டம் தன் பெயரிலேயே ஒரு திசைவியை வெளியிட்டது. அப்போது அதன் விலை 89 டாலர். அதில் இரண்டு தனித்தனி நினைவகச் சில்லுகள் உண்டு. ஒன்றிலுள்ள நிலைப்பொருள் கெட்டால், சிறு நிலைமாற்றியைத் தள்ளி மற்றொன்றிலிருந்து தொடங்கலாம். செங்கல் ஆகிவிடுமோ என்று அஞ்சியவர்களும் இனித் துணிந்து தொடலாம்.