உதட்டு வெடிப்பும் கோகம் எண்ணெயும்

கார்த்திகை பிறந்துவிட்டால், புனேயில் குடியேறிய தமிழர் இல்லங்களில் ஒரு முறையீடு எழுவதுண்டு. பள்ளிக்குப் புறப்படும் குழந்தை உதடு எரிகிறதென்று அழும். வெடித்த உதட்டில் குருதி கசியுமே என்று பெரியோர் வாய்விட்டுச் சிரிக்கவும் தயங்குவர். கடற்காற்றின் ஈரத்தில் வளர்ந்த நம்மில் பலருக்கு இது புதிய துன்பமே. கடல் மட்டத்திற்கு ஏறக்குறைய 560 மீட்டர் உயரத்தில், சஹ்யாத்திரி மலைக்குக் கிழக்கே இந்நகரம் அமைந்துள்ளது. மழைக்காலம் கழிந்ததும் காற்றின் ஈரம் குறைந்துவிடுகிறது; குளிர்கால இரவுகள் சிலவற்றில் வெப்பம் 10 பாகைக்கும் கீழே இறங்குகிறது.

உதடு மட்டும் முதலில் வெடிப்பானேன்? மற்றத் தோலில் நெய்ப்பைச் சுரக்கும் நுண்ணிய சுரப்பிகள் உண்டு. உதட்டின் செந்நிறப் பகுதியில் அவை பெரும்பாலும் இல்லை. மேல்தோலும் அங்கே மிக மெல்லியது. ஆதலின் உள்ளிருக்கும் ஈரம் விரைவில் ஆவியாகிறது. எரிச்சல் தணியட்டுமென்று நாவால் தடவினால், எச்சில் உலரும்போது வறட்சி மேலும் மிகும். ஈரத்தை வெளியேறவிடாத ஒரு நெய்ப்புப் பூச்சே இதற்கு மருந்து.

அத்தகைய பூச்சொன்றைக் கொங்கண மக்கள் நெடுநாளாக அறிவர். சஹ்யாத்திரிக்கு மேற்கே கோகம் மரம் வளர்கிறது. அதன் உலர்ந்த பழத்தோலை, ‘ஆம்சூல்’ என்ற பெயரால், அண்டை வீட்டார் பருப்பில் புளிக்குப் பதிலாக இடுவதை நாம் கண்டிருக்கிறோம். விதையையும் அவர்கள் வீணாக்குவதில்லை. அதை உலர்த்தி உடைத்து, உள்ளிருக்கும் பருப்பை இடித்து, நீரிலிட்டுக் காய்ச்சுவர். மிதந்து வரும் கொழுப்பை எடுத்து, ஆறியபின் கையால் முட்டை வடிவில் பிடித்து வைப்பர். பெயர் எண்ணெயானாலும் இது கட்டிப் பொருளே. உருகுவதற்குச் சுமார் 40 பாகை வெப்பம் வேண்டும். சற்றே இளக்கித் தடவினால் உதட்டில் மெல்லிய படலமாகப் படியும். பாதவெடிப்புக்கும் இதுவே பூச்சு.

பம்பாயில் மருத்துவப் பண்டகசாலைப் பொறுப்பிலிருந்த வில்லியம் டைமாக், வேறிருவருடன் சேர்ந்து 1890 முதல் 1893 வரை வெளியிட்ட ‘பார்மகோகிராபியா இண்டிகா’ என்னும் மருந்து நூலில் கோகம் கொழுப்பும் இடம் பெற்றது. கொங்கணத்து அடுக்களை அறிவு இவ்வாறு ஏட்டில் ஏறியது.

அதே நூற்றாண்டில் அமெரிக்காவிலும் இதையொத்த நிகழ்ச்சி நடந்தது. 1859ஆம் ஆண்டில் பென்சில்வேனியா எண்ணெய்க் கிணறுகளைக் காணச் சென்ற இராபர்ட் சீஸ்பரோ என்னும் இரசாயன வல்லுநர், தொழிலாளர்கள் இயந்திரத் தண்டுகளில் படியும் கரிய மெழுகைத் தம் காயங்களில் பூசுவதைக் கண்டார். அதைத் தூய்மைப்படுத்தி 1872இல் காப்புரிமை பெற்றார். அதுவே வாஸலின். ஒன்று மரத்தில் பிறந்தது, மற்றது மண்ணெண்ணெயின் இனம். உதட்டில் இரண்டும் செய்வது ஒரே காவல்தான்.

ஆகவே, குளிர் தொடங்குமுன்னரே, உறங்கப் போகையில் இவற்றில் ஒன்றைத் தடவிவருவது நலம். வெடித்த தோலை உரித்தலாகாது. கடைவாய்ப் புண் அடிக்கடி வருமாயின் சத்துக் குறைவோ, கிருமியோ காரணமாகலாம். மூன்று வாரங்களாகியும் ஆறாத புண்ணை, குறிப்பாகப் புகையிலை வழக்கமுள்ளோர், மருத்துவரிடம் காட்டியே தீரவேண்டும்.

ஊரிலிருந்து மருந்து வரட்டுமென்று நாம் காத்திருக்க வேண்டுவதில்லை. அடுத்த வீட்டு மராத்தியப் பாட்டியிடம் ‘கோகம் தேல்’ என்று கேட்டால் போதும். எப்படி இளக்கிப் பூசுவதென்றும் அவரே சொல்லித் தருவார்.