கலப்பிரிவின் இருவகை: கண்ணும் கருத்தும் கண்ட வரலாறு

தாயின் வயிற்றில் ஒற்றைக் கலமாகத் தொடங்கும் மனிதவுடல் எண்ணிறந்த கலங்களாகப் பெருகுவதும், அவ்வுடலிலிருந்து அடுத்த தலைமுறை தோன்றுவதும் கலப்பிரிவினாலேயே நிகழ்கின்றன. ஆயின் அப்பிரிவு ஒரு வகையினதன்று. உடலை வளர்ப்பது இழையுருப்பிரிவு. சந்ததிக்கு வித்திடுவது ஒடுக்கற்பிரிவு. முன்னதைக் கண் தெளிவுறக் கண்டது. பின்னதன் இன்றியமையாமையைக் கண் தெளியுமுன்னரே கருத்து உணர்ந்தது. இவ்வேறுபாடே இவற்றின் வரலாற்றைச் சுவையுடையதாக்குகின்றது.

1665ஆம் ஆண்டில் றொபேட் ஹூக் தக்கைத் துண்டொன்றிற் சிற்றறைகளைக் கண்டு அவற்றிற்குப் பெயரிட்டார். உயிர்கள் யாவும் கலங்களாலானவை என்னும் கொள்கையை ஷிலைடனும் ஷுவானும் 1838, 1839ஆம் ஆண்டுகளில் நிறுவினர். எனினும், புதிய கலங்கள் ஒருவகைப் பாய்பொருளிலிருந்து உறைந்து தோன்றுவன என்றே அவர்கள் எண்ணினர். ஒரு கலம் மற்றொரு கலத்திலிருந்தே தோன்றும் என்னும் உண்மையை றீமாக்கும் வேர்க்கோவும் 1850களில் வலியுறுத்தினர். ஆயின் அஃது எவ்வாறு தோன்றுகின்றது என்னும் வினாவிற்கு அப்போது விடையில்லை.

விடை கண்டவர் ஜேர்மனியின் கீல் நகரப் பேராசிரியரான வால்தர் பிளெமிங் ஆவார். சலமந்தர் என்னும் ஈரூடகவாழ் விலங்கின் குடம்பிகளிற் கலங்கள் பெரியன. அவற்றைச் சாயமூட்டி நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்தபொழுது, கருவினுள்ளே சாயத்தை ஈர்க்கும் நூலிழைகள் புலப்பட்டன. ஒவ்வோர் இழையும் நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, பாதிகள் இரண்டும் எதிர்முனைகளை நோக்கிச் செல்லக் கண்டார். 1882இல் வெளியிட்ட நூலில், நூலிழையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து இந்நிகழ்ச்சிக்குப் பெயர் வகுத்தார். இழையுருப்பிரிவு என்னும் தமிழ்ப் பெயரும் அப்பொருளதே. அவ்விழைகள் 1888இல் வால்டையரால் நிறமூர்த்தங்கள் என்னும் பொருள்படப் பெயர் பெற்றன. தாய்க்கலத்தில் எத்தனை நிறமூர்த்தங்கள் உளவோ அத்தனையே மகட்கலம் ஒவ்வொன்றிலும் அமையும் என்பது இப்பிரிவின் இலக்கணம். புண் ஆறுவதும் வேர்நுனி நீளுவதும் இதனாலேயாம்.

இங்கே ஓர் இடர்ப்பாடு எழுந்தது. பெல்ஜியத்தின் லியேஜ் நகரில் எடுவார் வான் பெனெடன் 1883இல் குதிரையின் குடலில் வாழும் உருளைப்புழுவை ஆராய்ந்தார். அப்புழுவின் கருக்கட்டிய முட்டையில் நான்கே நிறமூர்த்தங்கள் உள. கருக்கட்டிய முட்டையில் அந்நான்கினுள் இரண்டு தாயிடமிருந்தும் இரண்டு தந்தையிடமிருந்தும் வந்தமையை அவர் கண்டார். புணரிகளில் எண்ணிக்கை பாதியாக இருப்பது எவ்வாறு? அவையும் இழையுருப்பிரிவாலேயே தோன்றுமாயின் நான்கு எட்டாகும், எட்டுப் பதினாறாகும், தலைமுறைதோறும் எண்ணிக்கை இரட்டித்துக்கொண்டே செல்லும்.

பிறைபேர்க் நகரப் பேரறிஞர் ஓகஸ்ட் வைஸ்மன் கண்நோயால் நுணுக்குக்காட்டி ஆய்வைப் பெரிதும் கைவிட நேர்ந்தவர். பிறர் கண்டவற்றைத் தம் சிந்தையில் நிறுத்தி, பாரம்பரியப் பொருளைப் பாதியாக்கும் தனிப் பிரிவொன்று புணரிகள் தோன்றுங்கால் நிகழ்ந்தே தீரவேண்டுமென 1887இல் எடுத்துரைத்தார். அவர் கூறிய விவரங்களுட் பல பின்னர்ப் பிழையென அறியப்பட்டன. அடிப்படைக் கருத்து நிலைத்தது. அதே ஆண்டில் பிளெமிங் சலமந்தரின் விந்து தோன்றும் கலங்களில் இயல்பினின்று வேறுபட்ட இரு பிரிவுகளைக் கண்டு பெயருமிட்டார்; ஆயின் அவற்றின் பொருளை அவர் உணர்ந்திலர். கண்டவர் கருதவில்லை, கருதியவர் காணவில்லை என்க.

இவ்விரண்டையும் இணைக்கப் பின்வந்தோர் முயன்றனர். ஒஸ்கார் ஹேட்விக் 1890இல் உருளைப்புழுவின் முட்டையும் விந்தும் ஒத்த முறையில் ஈரடுத்த பிரிவுகளால் தோன்றுதலை விளக்கினார். அமெரிக்க மாணவரான வால்டர் சட்டன் 1902, 1903ஆம் ஆண்டுகளில் வெட்டுக்கிளியின் நிறமூர்த்தங்கள் தாய்வழியொன்றும் தந்தைவழியொன்றுமாகச் சோடிசேர்ந்து பின் பிரிவதைக் காட்டி, 1866இல் மெண்டல் வெளியிட்ட பாரம்பரிய விதிகளுக்கு அதுவே அடிப்படையென்றார். 1905இல் பாமரும் மூரும் குறைதல் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லை இப்பிரிவிற்குப் பெயராக்கினர்.

இருவகையையும் ஒப்புநோக்குவோம். இழையுருப்பிரிவில் ஒருமுறை பிரிந்து இரு கலங்கள் தோன்றும்; எண்ணிக்கை மாறாது. ஒடுக்கற்பிரிவில் நிறமூர்த்தங்கள் ஒருமுறையே இரட்டிக்க, கலம் இருமுறை பிரியும்; நான்கு கருக்கள் தோன்றும்; எண்ணிக்கை பாதியாகும். முதற்பிரிவில் அமைப்பொத்த சோடிகள் விலகும். இரண்டாம் பிரிவு இழையுருப்பிரிவை ஒத்தது. சோடிசேர்ந்த நிறமூர்த்தங்கள் தம்முட் துண்டங்களை மாற்றிக்கொள்ளலாமென ஜான்சன்ஸ் 1909இற் கருதியதைக் கிறைற்றனும் மக்கிளின்ரொக்கும் 1931இற் சோளத்தில் மெய்ப்பித்தனர். மனிதனின் 23 சோடிகள் பிரியும் வகைகள் மட்டுமே 83 இலட்சத்துக்கு மேற்பட்டவை. துண்ட மாற்றத்தையும் கூட்டின் அவை அளவிறந்தன. ஆகவே ஒன்று உள்ளதைக் காப்பது. மற்றையது உள்ளதைக் கலந்து புதியது படைப்பது.

இவ்வறிவு ஏட்டளவில் நின்றதன்று. மனிதனுக்கு 48 நிறமூர்த்தங்கள் என நெடுங்காலம் நம்பப்பட்டது. அவை 46 என ஜோவும் லெவானும் 1956இல் வெளியிட்டனர். டவுன் எனப்படும் பிறவி நிலையுடைய குழந்தைகளிடம் 47 உள்ளமையை 1959இல் லெஜேனும் அவர்தம் துணைவரும் அறிவித்தனர். ஒடுக்கற்பிரிவில் ஒரு சோடி பிரியாது நிற்றலே பெரும்பாலும் இதன் காரணம். பெற்றோரின் நடத்தையிற் குறைகாண்பதற்கு இடமில்லையென்பது இதனாற் புலனாயிற்று. மறுபுறம், கட்டுக்கடங்காத இழையுருப்பிரிவே புற்றுநோயாகின்றது. நிறமூர்த்தப் பிறழ்ச்சி அதற்குக் காரணமாகலாமென பொவேரி 1914இலேயே கருதினார்.

கூரிய கண்ணுடைய பிளெமிங்கும் ஒளிகுன்றிய கண்ணுடைய வைஸ்மனும் ஒருவர்க்கொருவர் நிறைவாயினர். ஆய்கூடத்தில் நுணுக்குக்காட்டியை நோக்கும் மாணவன் கண்டதை வரைவதோடமையாது, அஃது ஏன் அவ்வாறிருத்தல் வேண்டுமென வினாவுதலும் கடன் என்பதே இவ்வரலாறு தரும் பாடமாகும்.